சுட்டுவிரல் செய்த வியாபாரம்

பொன்னுலிங்கத்தின் துணிக்கடை வாசலில் நின்ற பொம்மைக்கு வலதுகை உடைந்துபோயிற்று. புதுக்கை வாங்க மனம் வராத மனிதர், பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறைக்குள் வெள்ளைச் சிமெண்டைக் கரைத்து ஊற்றிக் கொடியில் காயவைத்தார். உறையை உரித்தால், மற்ற விரல்கள் மடங்கியிருக்க, சுட்டுவிரல் மட்டும் விறைத்துக்கொண்டு நின்றது. "இருந்துட்டுப் போகட்டும்" என்று சாயம் பூசி மாட்டிவிட்டார்.

அன்றிலிருந்தே கைக்குத் தலைகால் புரியவில்லை. தெருவில் போகிறவர்கள் நின்று அதைப் பார்த்தார்கள். அது நீட்டிய திசையைப் பார்த்தார்கள். பிறகு அந்தப் பக்கமே போனார்கள். அங்கே எதிர்த் துணிக்கடை இருந்தது.

"தம்பி, அந்த விரலைக் கொஞ்சம் மடக்கேன்," என்று கெஞ்சியது பொம்மை. "நம்ம கடைக்குள்ள ஈ காக்கா இல்ல. இப்படியே போனா மூடிடுவாரு."

"பொறாமை, அக்கா! இத்தனை வருஷத்துல உங்களை ஒருத்தராவது நின்னு பார்த்திருக்காங்களா?"

உள்ளே உட்கார்ந்திருந்த பொன்னுலிங்கத்துக்குப் பொம்மையின் முதுகுதான் தெரியும். கண் திருஷ்டிதான் என்று முடிவுகட்டி, எலுமிச்சையும் மிளகாயும் கோத்து அந்த விரலிலேயே தொங்கவிட்டார். ஜனங்கள் இன்னும் நன்றாகப் பார்த்தார்கள்.

ஆயுதபூஜை வந்தது. எதிர்க்கடை முதலாளி தன் கல்லாவுக்கும் கத்தரிக்கோலுக்கும் பொட்டு வைத்துவிட்டு, தட்டோடு தெருவைக் கடந்து வந்து, அந்தச் சுட்டுவிரலுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டினார்.

கை பொம்மையிடம் கிசுகிசுத்தது: "பார்த்தீங்களா அக்கா? நம்ம முதலாளிக்கு எங்கே தெரியுது என் அருமை!"