சந்தேகம் கேட்டவள்

பிளஸ் டூ பிள்ளைகளுக்கு அது கடைசித் திருப்புதல் வகுப்பு. சுகந்தி டீச்சர் அவர்களை இரண்டு அணியாகப் பிரித்து, வேதியியலில் வினாடி வினா நடத்திக்கொண்டிருந்தார். சுவர்த்திரையில் ஒவ்வொருவர் பெயருக்கு எதிரிலும், பொதுத்தேர்வில் அவர் வாங்கப்போகும் மதிப்பெண் ஓடிக்கொண்டிருந்தது. சரியாகச் சொன்னால் ஏறும். தப்பாகச் சொன்னாலோ, புரியவில்லை என்று வாய்விட்டுச் சொன்னாலோ இறங்கும். முப்பத்தைந்துக்குக் கீழே போனால் ஹால் டிக்கெட் ரத்து. அதனால் தெரிந்தவர்கள் மட்டுமே வாய் திறந்தார்கள்.

"யாருக்காவது சந்தேகம் இருக்கா?" என்று கேட்டார் டீச்சர். யாரும் கேட்டுவிடக் கூடாதே என்றிருந்தது அவருக்கு.

ஜெபராணி எழுந்தாள். அவள் மதிப்பெண் சரியாக முப்பத்தைந்து.

"உட்காரும்மா," என்றார் டீச்சர் அவசரமாக.

"புரியாமலே போய் எழுத பயமா இருக்கு மிஸ். மின்னாற்பகுப்பு எனக்குச் சுத்தமா புரியல."

திரையில் அவள் பெயர் சிவந்து, அணைந்தது. அழப்போகிறாள் என்று டீச்சர் அருகே ஓடினார். ஜெபராணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இனிமே எனக்குக் குறைய ஒண்ணுமில்லையே மிஸ். முதல்லேருந்து சொல்லுங்க."

டீச்சர் சொன்னார். முடித்ததும் பின் பெஞ்சுப் பெண் ஒருத்தி ஜெபராணியின் காதில் எதையோ கிசுகிசுத்தாள். பிறகு பக்கத்து வரிசைப் பையன். அத்தனையையும் ஜெபராணி தன் சந்தேகம் போலவே எழுந்து நின்று கேட்டாள். மணி அடிக்கும்வரை அவள் உட்காரவே இல்லை.

விளக்கம் கேட்டவர்கள் அடுத்தடுத்த கேள்விகளுக்குச் சரியாகச் சொல்ல, திரையில் மற்றவர்களுடைய மதிப்பெண்கள் மளமளவென்று ஏறிக்கொண்டிருந்தன. டீச்சர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.