தண்ணீர் விட்ட இடம்

வலிநிவாரணிகளைக் கணினியில் சோதிப்பது எங்கள் வேலை. வலியைக் கடத்தும் புரதத்தில் ஒரு குழி உண்டு. மருந்து அதில் பொருந்தி உட்கார்ந்தால் வலி நின்றுவிடும். அன்று எங்கள் குழுவின் டேரல் குழிக்குள் மருந்தை வைக்க மறந்துவிட்டு கணினி மாதிரியை ஓட்டிவிட்டான். ஆனாலும் திரையில் வலி நின்றது.

"காலிக் குழியில எப்படிடா நிக்கும்? இன்னும் காப்பி குடிக்கலையா?" என்றாள் லொரெய்ன். வினிபெக் சாலைப் பனியில் கார் சறுக்கியதிலிருந்து அவளுக்கு முதுகுவலி, நின்றபடியேதான் வேலை. அவள் நாற்காலியில் எங்கள் பனிக்கோட்டுகள் உட்கார்ந்திருக்கும்.

"மகாராணியே ஓட்டிப் பாருங்களேன்."

ஓட்டினாள். மறுபடியும் நின்றது. திரையில் பெரிதாக்கிப் பார்த்தோம். குழியை நிரப்பியிருக்க வேண்டிய தண்ணீர் மூலக்கூறுகள் ஓரமாக ஒதுங்கி, நடுவில் யாருக்கோ இடம் விட்டிருந்தன.

லொரெய்ன் அந்த வெற்றிடத்தின் வடிவத்தை அப்படியே வரைந்தாள். வேதியியல் கூடத்தில் சில மாதங்களில் அதே வடிவில் ஒரு மருந்து செய்தார்கள். அதைக் கொடுத்ததும், வலியில் நொண்டிக்கொண்டிருந்த சோதனை எலி நாலு காலையும் ஊன்றி நடந்தது.

எலி நடந்த அன்று மாலை காலிக் குழியை மீண்டும் ஓட்டினோம். தண்ணீர் குழி முழுக்க நிரம்பியிருந்தது. வலி நிற்கவில்லை.

"உள்ள உட்கார்ந்திருந்தவங்க எழுந்து போயிட்டாங்க," என்றான் டேரல், மெதுவாக.

லொரெய்ன் தன் நாற்காலியில் கிடந்த கோட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து ஆணியில் மாட்டினாள். தான் உட்காராமல், நாற்காலியைக் காலியாக விட்டு ஓரமாக ஒதுங்கி நின்றாள்.