சந்தனம் மறைத்த எண்

ஆயுத பூஜையன்று காருக்குச் சந்தனம் வைக்கும் வேலை இந்த வருடம் கோமதிக்கு வந்தது. தயாளனைக் கட்டிக்கொண்டு அந்த வீட்டுக்கு வந்தபின் அவளுக்கு இதுதான் முதல் பூஜை. கண்ணாடியில், விளக்குகளில் அளவாகப் பொட்டு வைத்தாள். முன்பக்க நம்பர் பிளேட்டில் மட்டும் கடைசி நான்கு எண்களும் மறையும்படி கெட்டியாக அப்பினாள். 2711. தயாளன் கேட்டு வாங்கிய நம்பர். செத்துப்போன முதல் மனைவி நிர்மலாவுக்கு அவன் தாலி கட்டிய தேதி என்று மாமியார் பேச்சுவாக்கில் சொல்லியிருந்தாள். தினமும் சாயங்காலம் வாசலுக்குள் முதலில் நுழைவது அந்த எண்தான்.

கோயிலுக்குப் போகும் வழியில் போக்குவரத்துக் காவலர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"பொட்டு வைங்க சார், வேணாங்கல. நம்பரே தெரியாம அப்புனா எப்படி? ரூல்ஸ் இருக்குல்ல?"

"வீட்ல வச்சாங்க சார். இப்பவே துடைச்சிடறேன்."

"அம்மாவுக்கு பக்தி ஜாஸ்தி போல" என்று காவலர் சிரித்தார்.

கோமதி கதவைத் திறக்கப் போனாள். "நானே துடைக்கிறேங்க."

"நீ உக்காரு."

தண்ணீர் பாட்டிலையும் கைக்குட்டையையும் எடுத்துக்கொண்டு தயாளன் காருக்கு முன்னால் மண்டியிட்டான். பானெட்டுக்கு மேல் அவன் தலை மட்டும் தெரிந்தது. துடைக்கத் துடைக்க அது மெல்ல அசைந்தது.

"போதும் சார், நல்லாத் தெரியுது. கிளம்புங்க" என்றார் காவலர்.

தயாளன் எழுந்திருக்கவில்லை. தலை அசைவதும் நின்றுவிட்டிருந்தது. கோமதி கதவின் கைப்பிடியில் வைத்த கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள்.