ஒரு தடவை சொன்னால் போதும்

சிங்கப்பூரின் ஆங் மோ கியோ வட்டாரச் சேவை மையத்தின் கண்ணாடிச் சுவர் வழியே காலை வெயில் மேசைவரை வந்து கிடக்கிறது. நாற்காலியின் நுனியில் அமர்ந்திருக்கிறார் தங்கராஜு. போன வாரம் அவருடைய மனைவி காலமாகிவிட்டார். வீடு, சேமநிதி, மருத்துவ உதவி என்று மூன்று அலுவலகங்கள் ஏறி இறங்கி அதைச் சொல்ல வேண்டியிருக்குமே என்று, பேருந்தில் வரும்போது வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். ஒரு தடவைகூட முழுதாக வரவில்லை. எதிரே இருக்கும் அதிகாரி ஆரபி கணினித் திரையை அவர் பக்கம் திருப்புகிறாள். அதில் மூன்று முகங்கள் அவரைப் பார்க்கின்றன.

“மூணு ஆபீஸும் ஒரே லைன்ல இருக்காங்க அங்கிள். நீங்க எங்கயும் அலைய வேணாம். ஒரு தடவை சொன்னா போதும். நான் இங்கிலீஷ்ல சொல்லிடுறேன்.”

தங்கராஜு திரையைப் பார்க்கிறார். “என் ஒய்ஃப்...” விரல்கள் மேசை விளிம்பை இறுகப் பிடிக்கின்றன. “இறந்துட்டா.”

ஆரபி தாழ்ந்த குரலில் மொழிபெயர்க்கிறாள். திரையில் முக்காடிட்ட மலாய்ப் பெண் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிடுகிறார். பக்கத்துச் சதுரத்தில் சீன இளைஞர் ஒருவர் தலை குனிகிறார்.

“எல்லாருக்கும் கேட்டுடுச்சு அங்கிள். இனிமே யாரும் உங்ககிட்ட கேக்க மாட்டாங்க.”

அவர் தலையாட்டுகிறார். எழுந்திருக்கவில்லை.

“ரத்தினம்மான்னு பேரு,” என்கிறார், யாரும் கேட்காமலே. “சமைக்கும்போது பாடிக்கிட்டே இருப்பா.”

ஆரபி அதையும் மொழிபெயர்க்கிறாள். மூன்று முகங்களும் காத்திருக்கின்றன. யாரும் இணைப்பைத் துண்டிக்கவில்லை.