வீங்கிய மணிக்கட்டு

ஒரு பெண்குரங்குக்கு வலது மணிக்கட்டு வீங்கிப்போய், ஒருநாள் அது கிளையைப் பிடிக்க முடியாமல் கீழே விழுந்துவிட்டது. பதறிப்போன கணவன் குரங்கு, எலும்பு வைத்தியம் பார்க்கும் கரடியிடம் கூட்டிக்கொண்டு போனது.

கரடி அந்தக் கையை மெதுவாகத் திருப்பிப் பார்த்தது. “எத்தனை நாளா வலிக்குதும்மா?”

“நேத்து விழுந்ததிலிருந்துதான்” என்றது கணவன் குரங்கு.

“உங்களைக் கேட்கலைங்க” என்றது கரடி.

பெண்குரங்கு தலையைக் குனிந்துகொண்டு, “போன மாம்பழக் காலத்திலிருந்து” என்றது.

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே நீ?”

“சொன்னேங்க. உங்களுக்குப் பேன் பார்க்கும்போது கை வலிக்குதுன்னேன். இடது கையால பாருன்னு சொல்லிட்டுக் கண்ணை மூடிக்கிட்டீங்க.”

கணவன் குரங்குக்கு அது நினைவு வந்தது. இடது கை முடியை இழுக்கிறது என்று அதற்குப் பிறகு தினமும் சலித்துக்கொண்டதும் சேர்ந்தே வந்தது.

கரடி பச்சிலை வைத்துக் கட்டியது. “வலி குறையும். ஆனா கிளையைப் பிடிக்கிற பலம் இனி வராது. அப்பவே வந்திருக்கணும்.”

திரும்பும் வழியில் ஒரு பாறையில் இளைப்பாற உட்கார்ந்தன. கணவன் குரங்கு மனைவியின் முதுகுப் பக்கம் நகர்ந்து பேன் பார்க்க ஆரம்பித்தது. எங்கே தொடங்குவது என்றுகூட அதற்குத் தெரியவில்லை.

“கொஞ்சம் மேலேங்க” என்றது பெண்குரங்கு.