உள்ளுக்கா, வெளியிலா?

“அரைக்கிறது உள்ளுக்க இருக்கிற மெஷினா, வெளியில இருக்கிறதா? எது வேணுமெண்டு சொல்லு தங்கச்சி.”

அல்பொன்சாவுக்குத் தலையும் விளங்கவில்லை, வாலும் விளங்கவில்லை. தொலைபேசியில் பேசுவது அண்ணன் லோறன்ஸ்தான். சிலாபத்தில் வள்ளம் ஏறி இத்தாலிக்குப் போய்ப் பதினான்கு மாதம். எப்போதாவதுதான் அழைப்பான், இரண்டு வார்த்தை பேசுவதற்குள் வைத்துவிடுவான்.

“என்ன மெஷின்?”

“கோப்பி மெஷின். எஸ்பிரெஸோ எண்டு சொல்லுறது. ஒண்டுல மேல கொட்டையைப் போட்டாச் சரி, தானே அரைச்சு, தானே வடிச்சுத் தரும். மற்றதுக்கு அரைக்கிறது வேறயா வாங்கோணும். எங்கட வீட்டுக்கு எது நல்லம்?”

“எங்கட வீட்டுல பிளேன்டீதான் குடிக்கிறம். அதை விடுங்க அண்ணா. எனக்கு உங்கட விலாசம் வேணும்.”

அதற்காகத்தான் அவள் பத்து நாளாகத் தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு திரிந்தாள். மேசையில் விசா விண்ணப்பம் கிடந்தது. திங்கட்கிழமை கடைசி நாள். ‘இத்தாலியில் உள்ள உறவினரின் விலாசம்’ என்ற கட்டம் மட்டும் வெறுமையாக இருந்தது.

அந்தத் தெருவுக்கே முதல் பட்டதாரி அவள். கொழும்புக்கு நேர்முகத்துக்குப் போனால் பட்டத்தைப் பார்க்க முன் அடையாள அட்டையைப் பார்க்கிறார்கள். தமிழ் என்று தெரிந்ததும், கதிரையைக் காட்டிய கையே வாசலையும் காட்டுகிறது. படித்தது போதும், இந்த நாடும் போதும் என்று முடிவெடுத்துவிட்டாள்.

“விலாசமா?” என்றான் லோறன்ஸ். “முதல்ல மெஷினைச் சொல்லு.”

தாய் மக்டலின் ஈரக்கையோடு வந்து தொலைபேசியை வாங்கி, ஒலிபெருக்கியைப் போட்டாள்.

“உள்ளுக்கயே அரைக்கிறதை எடு மகன். இடம் மிச்சம்.”

“அம்மா, நீங்க சும்மா இருங்க,” என்றாள் அல்பொன்சா. “ரெண்டும் ஒண்டா இருந்தா, ஒண்டு பழுதாப் போனா மற்றதும் சேர்ந்து போகும். சிலாபத்துல ஆர் அதைத் திருத்துறது? தையல் மெஷின் திருத்துற பஸ்தியானா?”

“தங்கச்சி சொல்லுறதும் சரிதான்,” என்றான் லோறன்ஸ்.

“அப்ப தனியா எடு. அரைக்கிறதுல செத்தல் மிளகாயும் அரைக்கலாம்.”

“மிளகாய் அரைச்சா கோப்பி உறைக்கும் அம்மா.”

இருவரும் சிரித்தார்கள். அல்பொன்சாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவள் வாழ்க்கை ஒரு கட்டத்தில் தொங்குகிறது. தாயும் மகனும் கோப்பிக்கு மிளகாய் அரைக்கிறார்கள்.

“அந்தக் கறுப்பிலயும் பார்க்க வெள்ளி நிறந்தான் வடிவு, என்ன?” என்றாள் மக்டலின்.

“ஓம், வெள்ளிதான்.”

நிறத்தைப் பற்றி யார் கதைத்தது? அல்பொன்சாவுக்கு அதுவும் விளங்கவில்லை.

“அண்ணா, பகிடியை விட்டுட்டு விலாசத்தைச் சொல்லுங்க. பேனையைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறன்.”

அவன் பின்னால் யாரோ சிங்களத்தில் அதட்டிக் கூப்பிட்டார்கள். அறையில் இருப்பதெல்லாம் பக்கத்துச் சிங்கள ஊரான வென்னப்புவவின் பெடியன்கள் என்று அவன் முன்பே சொல்லியிருந்தான். அந்தக் கரையில் இத்தாலிக்குப் போனவர்களில் பாதிப்பேர் வென்னப்புவதானே. அதிசயப்பட அதில் ஒன்றுமில்லை.

“கூப்பிடுறாங்கள். வைக்கிறன் தங்கச்சி. நீ சொன்னதுதான். தனியா இருக்கிறதையே எடுப்பம்.”

தொடர்பு அறுந்தது.

“பாத்தீங்களா? மெஷினைக் கேக்க நேரம் இருக்கு, எனக்கு விலாசம் சொல்ல நேரமில்ல. தங்கச்சி வந்தா தன்ட தலையில ஏறுவாள் எண்டு பயம்.”

“அவனை அப்பிடிச் சொல்லாத புள்ள.”

“சொல்லுவன். எனக்கு அவர்ட விலாசம் தேவையில்ல. பேரையும் பிறந்த திகதியையும் எழுதிக் குடுக்கிறன். எம்பசிக்காரன் தேடிப் பிடிக்கட்டும்.”

அல்பொன்சா குனிந்து எழுதத் தொடங்கினாள். மக்டலின் சட்டென்று விண்ணப்பத்தின் மேல் கையை வைத்தாள். ஈரம் பட்டு மை கலங்கியது.

“அவன்ட பேரை எங்கயும் எழுதிக் குடுக்காத.”

“ஏன்? இன்னும் அங்க களவாத்தான் இருக்கிறாரா?”

“இல்ல.”

“அப்ப என்ன? வேலை இல்லையா? கலியாணம் முடிச்சிட்டாரா? எனக்கு மட்டும் ஒளிக்கிறதுக்கு அப்பிடி என்ன இருக்கு?”

மக்டலின் தன் கையைச் சேலையில் துடைத்தாள். துடைத்த கையையே திரும்பவும் துடைத்தாள். பிறகு மகளுக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள்.

“விலாசந்தானே வேணும்? எழுது. லோறன்ஸ், ஆறாம் நம்பர் வார்ட்டு, மறியற்சாலை, கொழும்பு.”

பேனா நின்றுவிட்டது.

“வள்ளம் ஏறுறதுக்கு முதல் நாள், அவங்கள் காத்திருந்த லொட்ஜைப் பொலிஸ்காரங்கள் சுத்தி வளைச்சவங்கள். தமிழ்ப் பெடியன்களை மட்டும் ஏத்திக்கொண்டு போனவங்கள். உனக்கு அப்ப கடைசிச் சோதினை. அது முடியட்டும், அதுவரைக்கும் நான் இத்தாலியில இருக்கிறன் எண்டு அவன்தான் சொல்லச் சொன்னவன். பிறகு சொல்ல எனக்கு மனம் வரேல்ல.”

ஏதாவது ஒன்றாவது பொய்யாகாமல் மிஞ்சாதா என்ற ஆசையில் அல்பொன்சா கேட்டாள்:

“அப்ப அந்தக் கோப்பி மெஷின்?”

“போன செவ்வாக்கிழமை பார்க்கப் போகேக்க, நான் பாண் சுத்திக் கொண்டுபோன இங்கிலீஷ் புத்தகத் தாளில,” என்றாள் மக்டலின், “ரெண்டு மெஷின்ட படம் இருந்திச்சு.”