இடது கன்னம்

“அடிச்சுட்டாருடி உங்கப்பா! கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்துல முதல் தடவையா என்னைக் கை நீட்டி அடிச்சுட்டார்!”

குளித்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டே ஓடி வந்த மகளிடம் அம்மா இடது கன்னத்தைக் காட்டினாள். கண்ணுக்குக் கீழே கன்றிச் சிவந்திருந்தது. தரையில் தேநீர் குளம் கட்டி நிற்க, கோப்பை நாலு துண்டாகிக் கிடந்தது.

அப்பா வழக்கமான நாற்காலியில்தான் இருந்தார். கண்ணை மறைத்து மாட்டிக்கொண்டு விளையாடும் வி.ஆர். ஹெட்செட் நெற்றிக்கு ஏறியிருக்க, திருதிருவென்று விழித்தார்.

“பறந்து வர்ற பந்தை அடிச்சேன். நீ வந்து நின்னது தெரியல” என்றார்.

“என் மூஞ்சி உங்களுக்குப் பந்தா?”

இஸ்திரிக் கடையில் வேலை அம்மாவுக்கு. காலையில் அவர் சட்டைக்குப் பித்தான் போட்டுவிடுவதில் தொடங்கும் நாள், பத்து மணி நேரம் நின்று தேய்த்து, வீடு திரும்பி அடுப்படியில் முடியும். தெருவில் பாதி வீட்டுக்கு ஒயரிங் செய்த மனிதர் எட்டு மாதமாய் வேலைக்குப் போகவில்லை. அதற்கெல்லாம் ஒரு வார்த்தை சொன்னதில்லை அவள். இன்று அடி வாங்கியதும் அத்தனையும் சேர்த்துப் பொங்கிவிட்டது.

அப்பாவிடம் கத்தித் தீராத கோபம் மகள் பக்கம் திரும்பியது. செல்போன் கடையில் வேலை பார்க்கும் அவள்தான் போன மாதம் அந்த ஹெட்செட்டை வாங்கி வந்தவள்.

“மலிவுன்னு எதையாவது தூக்கிட்டு வந்துடுறது! மாட்டுனா மூக்குல பாரம், கழட்டுனா முகமெல்லாம் வேர்வை. ஒன்றரை மணி நேரத்துல சார்ஜ் போயிடுது. முதல் வாரம் தலை சுத்தி வாந்தி எடுத்தாரே, யாருடி துடைச்சா?”

“குறையே இல்லைன்னு நான் சொல்லலையேம்மா. ஓரத்துல படம்கூட மங்கலாத்தான் தெரியும். ஆனா இதுக்குத் தனியா கம்ப்யூட்டர் வேணாம், ஒயர் வேணாம், உட்கார்ந்த இடத்துலயே விளையாடலாம். நேத்து அப்பா வாய்விட்டுச் சிரிச்சாரே, கேட்டியா இல்லையா?”

“சிரிப்பார், ஏன் சிரிக்க மாட்டார்! ரெண்டு கையிலயும் பிடி இருந்தாத்தான் அது ஆரம்பிக்குமாம். நீ பாட்டுக்கு அந்தப் பிடியோட வாரை அவர் கையில இறுக்கிக் கட்டிவிட்டுட்டுக் குளிக்கப் போயிட்டே. இங்க உதை வாங்குறது நான்!”

அம்மா பாய்ந்து போய் அவர் தலையிலிருந்து ஹெட்செட்டைப் பிடுங்கினாள். “குப்பையில போட்டாத்தான் எனக்கு ஆறும்.”

“இரும்மா.” மகள் குறுக்கே வந்து நின்றாள். “அடி விழும்போது நீ எங்க நின்னே?”

“இதோ, இங்கதான். ஸ்டூல்ல டீயை வைக்கக் குனிஞ்சேன். வைக்கறதுக்குள்ள பளார்!”

“அப்பாவுக்கு நேர் எதிர்லயா?”

“பின்னே, முதுகைக் காட்டிட்டா டீ வைப்பாங்க? என்னவோ போலீஸ்காரி மாதிரி விசாரிக்கிறே!”

மகளின் குரல் இறங்கிப்போனது.

“நேருக்கு நேர் நின்னா, உன் இடது கன்னத்துல அவரோட எந்தக் கைம்மா படும்?”

அம்மாவின் பார்வை மெல்ல அவர் மடிக்கு இறங்கியது. பக்கவாதம் வந்த நாளிலிருந்து அந்த வலது கை அங்கேயேதான் கிடந்தது. டாக்டர் ஊசியால் குத்திப் பார்த்தபோதுகூட அசையாத கை.

அவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார், யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பொருளைப் பார்ப்பது போல.

அம்மா உடைந்த துண்டுகளைக் காலால் ஒதுக்கிவிட்டு அவர் முன்னால் மண்டியிட்டாள். ஹெட்செட்டை அவர் கண்ணில் பதமாக மாட்டிவிட்டாள். பிறகு, கன்றிய கன்னத்தை அவருக்கு நேராக நீட்டினாள்.

“எங்க, இன்னொரு தரம் அடிங்க.”